எத்தனை கிராமுங்க?

ஆவணி முகூர்த்தம் நெருங்கினால் போதும், கோயம்புத்தூர் அவிநாசி சாலை ஓட்டல்களின் பெரிய அரங்குகளில் நகை, சேலைக் கண்காட்சிகள் களைகட்டிவிடும். வாசலில் வாழைமரம் கட்டவில்லை என்பதைத் தவிர மற்றதெல்லாம் கல்யாண வீடுதான். ஏசிக் குளிர், பன்னீர் வாசம், கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் விளக்கு. கறுப்பு பிளேசர் போட்ட விற்பனைப் பெண் வெல்வெட் தட்டில் ஓர் ஆரத்தை எடுத்து வைக்கிறார். அந்தக் கலெக்‌ஷனுக்கு என்ன பெயர், எந்தக் கோயில் தூணைப் பார்த்து அதிலுள்ள கொடி வரையப்பட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். எதிரே பொள்ளாச்சிப் பக்கமிருந்து வந்திறங்கிய ஒரு பெரியம்மா. பக்கத்தில் கல்யாணத்துக்கு நிற்கும் பேத்தி. பெரியம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். முடிந்ததும், "அதெல்லாஞ் சரிங்க அம்மணி, இது எத்தனை கிராமுங்க?" என்பார்.

கொங்கு நாட்டின் எந்த நகைக்கடையில் அரை மணி நேரம் நின்றாலும் இந்தப் பெரியம்மாவைப் பார்க்கலாம். திருப்பூரில் அவர் பனியன் கம்பெனி முதலாளி வீட்டம்மா. காங்கேயத்தில் காளை வளர்க்கிற வீட்டுக்காரர். ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்காரர் மனைவி. கேள்வி மட்டும் மாறாது. அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இங்கே நகை பாதி அலங்காரம், பாதி கணக்கு. பெண்ணின் கழுத்தில் கிடக்கும் அதே ஆரம்தான் தோட்டத்தில் போர் போடவும், பையனை இன்ஜினியரிங் சேர்க்கவும், தறி வாங்கவும் அடகுக்குப் போய்த் திரும்பி வரும். வட்டிக்கடைக்காரர் டிசைனுக்குப் பணம் தருவதில்லை.

2005 வாக்கில் ஒரு பவுன் ஐந்தாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. 2025 அக்டோபரில் அது 90,000 ரூபாயைத் தாண்டியது. சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை, பருத்தி விலையும் தேங்காய் விலையும் ஏறவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெண்ணின் கழுத்தைப் பார்க்கும் பார்வை அப்படியேதான் இருக்கிறது. அம்மாவுக்கு ஐந்து பவுனில் செய்த ஆரம் மகளுக்கு இரண்டரைப் பவுனில் வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியவேண்டும். இன்றைய புதிய நகைக் கலெக்‌ஷன்களின் மூலக்கதை இதுதான். மயிலும் மாங்காயும் லட்சுமியும் அதற்குப் பிறகு வந்து உட்காருகின்றன.

கண்காட்சியில் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் வியப்பாக இருக்கும். உள்ளங்கை அகலப் பதக்கம், எடையோ இறகு போல. எலக்ட்ரோஃபார்மிங் என்ற முறையில் செய்திருப்பார்கள். நகையின் வடிவத்தை முதலில் மெழுகிலோ சீக்கிரம் உருகும் உலோகத்திலோ செய்துகொள்கிறார்கள். தங்கம் கரைந்த திரவத்தில் அதைத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால், மேலே தங்கம் மெல்லிய தோலாகப் படியும். பிறகு உள்ளே இருப்பதை உருக்கி வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது பொன்னாலான ஓடு, முட்டை ஓடு போல. பார்வைக்குக் கனம், தராசில் லேசு. குழந்தை இழுத்துக் கடித்தால் நசுங்கும், நசுங்கினால் தட்டி நிமிர்த்துவது எளிதல்ல. கண்காட்சி மேடைகளில் இதைப் பற்றி அவ்வளவாகப் பேசமாட்டார்கள். வாங்குகிறவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழி வார்ப்பு. டிசைனர் கணினியில் நகையை வரைகிறார். முப்பரிமாண அச்சு இயந்திரம் அதை மெழுகாகவோ பிசினாகவோ அச்சிட்டுத் தருகிறது. அதிலிருந்து ரப்பர் அச்சு, அந்த அச்சுக்குள் மெழுகை ஊற்றிப் பல பிரதிகள். பிரதிகளை ஒரு தண்டில் மரத்தில் இலை ஒட்டுவதுபோல ஒட்டி, மேலே ஜிப்சக் கரைசலை ஊற்றி இறுக வைத்து, சூளையில் வைத்தால் மெழுகு உருகி ஓடிவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய தங்கம் பாய்கிறது. காலையில் திரையில் இருந்த கம்மல் இரண்டொரு நாளில் நூறு ஜோடியாகக் கைக்கு வந்துவிடும். அடிப்படையில் பழங்காலச் சிலை வார்ப்புதான் இது. சுவாமிமலை ஸ்தபதி மெழுகில் கையால் செய்வதை இங்கே இயந்திரம் செய்கிறது.

இந்தத் தொழில் கோவையில் இப்படிப் பெருகியதற்கு ஊரின் குணமும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்த ஊர். மில் இயந்திரத்துக்கு உதிரிபாகம் செய்யக் கற்று, பிறகு பம்புசெட், மோட்டார், கிரைண்டர் என்று போன ஊர். லேத் பட்டறையில் அச்சும் டையும் செய்யத் தெரிந்த கைகளுக்கு, சங்கிலி பின்னும் இயந்திரமும் வார்ப்புச் சூளையும் அந்நியமாக இருக்க வாய்ப்பில்லை. 1984-ல் கே. சீனிவாசன் கோவையில் தொடங்கிய எமரால்டு ஜுவல் நிறுவனம் இன்று நாட்டின் மிகப் பெரிய நகை உற்பத்தி நிறுவனங்களில் ஒன்று. ஜுவல்ஒன் என்ற சொந்தக் கடைகளும் அதற்கு உண்டு. வைர நகையில் இங்கே முதலில் சொல்லவேண்டிய பெயர் 1939-ல் தொடங்கப்பட்ட கீர்த்திலால்ஸ். வெளியூரில் ஒரு பெரிய கடையில் புது டிசைன் என்று வாங்கும் வளையல், கோவையில் பிறந்து பெட்டியில் வேறொரு பெயரோடு போனதாக இருக்கலாம். பெட்டியில் கடையின் பெயர் இருக்கும். செய்த ஊரின் பெயர் இருக்காது.

பெரிய தொழிற்சாலைகள் கதையின் ஒரு பாதிதான். மறுபாதி பெரிய கடை வீதிக்கும் ராஜ வீதிக்கும் பின்னால், வைசியாள் வீதி, கெம்பட்டி காலனி, செல்வபுரம், தெலுங்குபாளையம் பக்கம் இருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு தாழ்ந்த மேசை, விளக்கு, சாமணம், அரம். ஊதுகுழல் இருந்த இடத்துக்குக் கேஸ் டார்ச் வந்துவிட்டது. மற்றதெல்லாம் தாத்தா காலத்து ஏற்பாடு. ராவிய தூள் மடியில் விழ ஒரு தோலோ துணியோ. கை கழுவிய தண்ணீரைக்கூடக் கொட்டமாட்டார்கள். பட்டறை பெருக்கிய மண்ணுக்கும் விலை உண்டு. எரித்துக் கழுவி அதிலிருந்து பொன்னைப் பிரிப்பது தனித் தொழில். பில்லில் சேதாரம் என்று நாம் எரிச்சலோடு பார்க்கும் எண்ணுக்குள் இந்த உலகமும் கொஞ்சம் இருக்கிறது.

இந்தப் பட்டறைகளில் இப்போது தமிழுக்கு இணையாக வங்காளமும் கேட்கும். மேற்கு வங்கத்திலிருந்து வந்த கைவினைஞர்கள் கோவையில் பல ஆண்டுகளாகத் தங்கி வேலை செய்கிறார்கள். மெல்லிய கம்பி வேலையில் அவர்கள் கைக்குத் தனி மரியாதை. உள்ளூர் ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் பலர் சரவணம்பட்டி ஐடி கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். யாரைக் குறை சொல்வது? எட்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்து, புகையும் அமில வாடையும் குடித்து, கிராமுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வேலை. தங்கம் விலை ஏறினால் விற்பனை படுத்துவிடும், முதலில் அடி விழுவது கூலிக்காரருக்குத்தான். 2024 நவம்பரில் கோவைக்கு வந்த முதல்வர் மு.க. ஸ்டாலின், கெம்பட்டி காலனிப் பட்டறைகளைப் பார்த்துவிட்டு, பொற்கொல்லர்களுக்கு ஒரே கூரையின் கீழ் தொழில் வளாகம் அமைக்கப்படும் என்று அறிவித்தார். அதற்குக் குறிச்சியில் இடம் குறிக்கப்பட்டது.

வார்ப்பு இவ்வளவு மலிவாகிவிட்ட பிறகும் கைவேலைக்கு மவுசு இறங்காத ஓர் இடம் உண்டு. நகாசு. தங்கத் தகட்டை அரக்கின் மேல் பதித்து, சிறு சிறு உளிகளால் தட்டித் தட்டி உருவம் எழுப்பும் வேலை. ஒரு லட்சுமியின் முகத்தை எடுக்க ஒரு நாள் முழுக்க ஆகலாம். 2022 செப்டம்பரில் 'பொன்னியின் செல்வன்' வந்து, குந்தவையும் நந்தினியும் கழுத்து நிறையப் பூட்டிக்கொண்டு திரையில் நின்ற பிறகு, 'ஆன்டிக்' என்ற சொல் தாராபுரம் வரை போய்விட்டது. அந்தப் படத்தின் நகைகளைச் செய்தது ஹைதராபாத்தின் கிஷன்தாஸ் நிறுவனம். உடைகள் ஏகா லக்கானி. படம் வந்த பிறகு சிற்றூர்க் கடைகளிலும் மங்கலான பழுப்புப் பூச்சோடு ஆரங்கள் வரிசையாகத் தொங்கின. தங்கம் தானாகக் கறுக்காது. அந்தப் பழைய நிறம் மெருகேற்றும் கட்டத்தில் வேண்டுமென்றே கொடுப்பது. சோழர் காலத்துப் பெண்கள் அதைப் பார்த்தால் சிரித்திருப்பார்கள், அவர்கள் போட்டது புது நகை அல்லவா!

நகாசு என்ற பெயரில் வார்ப்பும் விற்கிறது. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி: பதக்கத்தில் இருபுறமும் மயில் இருந்தால் இரண்டையும் உற்றுப் பார்க்கவேண்டும். வலப்பக்க மயிலும் இடப்பக்க மயிலும் கண்ணாடிப் பிம்பம் போல மயிரிழை பிசகாமல் இருந்தால் அது இயந்திரத்தின் வேலையாக இருக்கலாம். கழுத்து வளைவில் கொஞ்சம், கண்ணில் கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார்.

கண்காட்சி அரங்கிலிருந்து கிழக்கே நொய்யல் ஆற்றோடு போனால், சென்னிமலைக்கு மேற்கே ஆற்றின் வடகரையில் கொடுமணல் வருகிறது. இப்போது பார்த்தால் மேட்டுநிலம், சோளக்காடு, பனைமரம். கொங்கு நாட்டின் முதல் நகைத் தொழிற்பேட்டை இதுதான். பதிற்றுப்பத்து இந்த ஊரைக் கொடுமணம் என்ற பெயரில், அணிகலனுக்குப் பேர்போன இடமாகவே சொல்கிறது. 1980-களில் ஆய்வாளர்கள் சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் இங்கே தோண்டத் தொடங்கினார்கள். பளிங்கு, பச்சைக்கல், நீலக்கல், செவந்திக்கல், சூதுபவளம் என்று கற்கள் மட்டுமல்ல, கற்களை அறுத்துத் துளைபோட்டு மெருகேற்றிய பட்டறைகளின் தடயங்களே கிடைத்தன. பாதி துளைத்து உடைந்தவை, ஒழுங்காகாமல் தூக்கி எறிந்தவை, வேலை முடிந்து மின்னுபவை எல்லாம் ஒரே மண்ணில். ஒரு பெருங்கற்காலக் குழியில் இறந்தவரோடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகளை வைத்து அடக்கம் செய்திருந்தார்கள். நூல் நூற்கும் தக்களியும் அங்கே கிடைத்திருக்கிறது. துணியும் நகையும் ஒரே மேட்டில்.

பச்சைக்கல்லுக்கு அவர்கள் தூரம் போகவேண்டியிருக்கவில்லை. காங்கேயம் பக்கத்திலுள்ள படியூரில் கடல் நீர் நிறத்துப் பெரில் கல் கிடைத்தது. ரோம எழுத்தாளர் பிளினி, பெரில் கல் இந்தியாவில்தான் விளைகிறது, வேறெங்கும் அரிது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதினார். அதே கையோடு, இந்தியர்கள் பளிங்குக்குச் சாயமேற்றிப் போலிப் பெரில் செய்கிறார்கள் என்றும் எழுதிவைத்தார். ஆக, கவரிங்கும் நமக்குப் புதிதல்ல! கிழக்கத்திய ஆடம்பரங்களுக்கு ரோமின் பணம் கரைகிறது என்று அவர் புலம்பியதன் மிச்சத்தை வெள்ளலூர் மண்ணில் காணலாம். கோவைக்குப் பக்கத்து அந்த ஊரில் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்தன, தங்க மோதிரங்களும் கிடைத்தன. படியூர்ச் சுரங்கத்தை மறுபடி 1819-20-ல் ஹீத் என்ற ஆங்கிலேயர் தோண்டினார். 2,196 கற்கள் எடுத்தார், மதிப்பு 1,200 பவுண்டு என்று பழைய ஆவணங்கள் கணக்கு வைத்திருக்கின்றன. இன்றைய கண்காட்சியில் 'பாஸ்டல் ஸ்டோன்' என்ற பெயரில் வெளிர்நீலக் கல் பதித்த புது கலெக்‌ஷன் வைத்திருந்தால், அந்த நிறம் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கிருந்து ஏற்றுமதியானது என்பதை விற்பனைப் பெண்ணிடம் சொல்லிப் பார்க்கலாம்.

வைரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வந்த பிறகு அதன் பழைய கெத்து ஆட்டம் காண்கிறது. 2023 பட்ஜெட்டில் அந்த ஆராய்ச்சிக்கு ஓர் ஐஐடிக்கு நிதி என்று அறிவித்தார்கள், சென்னை ஐஐடிக்கு 242 கோடி ரூபாய் வந்தது. வேதியியலில் இரண்டும் ஒரே கார்பன்தான், வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விலையில் தெரியும். திரும்ப விற்கப் போனால் இன்னும் நன்றாகத் தெரியும். பேத்திக்குப் பிடிக்கிறது, பெரியம்மாவுக்குப் பிடிபடவில்லை.

அதே குழப்பம் குறைந்த காரட்டிலும் உண்டு. 22 காரட்டுக்கு 916 என்ற எண் எல்லோருக்கும் மனப்பாடம். 2025 ஜூலை முதல் 9 காரட்டுக்கும் ஹால்மார்க் உண்டு, நூற்றுக்கு 37.5 பங்குதான் தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. ஆபீசுக்குப் போட்டுப்போக மெல்லிய வளையம், ஒற்றைக்கல் பதக்கம் என்று இளம்பெண்களுக்கான கலெக்‌ஷன்கள் 18, 14 என்று ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கின்றன. குறைந்த காரட் தங்கம் கெட்டியாக இருக்கும், கல்லை இறுகப் பிடிக்கும், எளிதில் கீறல் விழாது. ஆனால் சீர் வரிசைத் தட்டில் ஒன்பது காரட்டை வைக்க இந்த வட்டாரத்தில் எந்தத் தாய்மாமனுக்கும் இன்னும் துணிச்சல் வரவில்லை.

சேலைப் பக்கம் போனால் அரங்கின் சத்தமே மாறிவிடுகிறது. நகைப் பெட்டிக்கு முன்னால் கிசுகிசுப்பு. இங்கே விரித்துப் போட்டு, தடவி, தோளில் சாய்த்து, உரத்த பேச்சு. கோவைக் கோரா காட்டனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. கோரா என்பது வெளுத்துப் பதப்படுத்தாத பட்டு நூல். அதைப் பருத்தியோடு சேர்த்து நெய்யும்போது பட்டின் விறைப்பும் பருத்தியின் காற்றோட்டமும் ஒரே துணியில் கிடைக்கின்றன. சிறுமுகைப் பக்கம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் தேவாங்கர் குடும்பங்கள் வீட்டில் கன்னடம் பேசும், வியாபாரத்தில் தமிழ் பேசும். அதே ஊர் இப்போது மென்பட்டுக்கும் பெயர் வாங்கிவிட்டது. காஞ்சிபுரம் பட்டைப் போலக் கனமில்லாத, கொசுவம் வைத்தால் விழுந்து படியும் பட்டு. நகையில் எடை குறைந்த அதே காலத்தில் சேலையிலும் எடை குறைந்தது தற்செயல் அல்ல. காலை முகூர்த்தம், மாலை வரவேற்பு, நடுவே போட்டோகிராபர் சொன்னபடியெல்லாம் குளக்கரையில் ஓடவேண்டிய மணப்பெண் கனத்தைத் தாங்கமாட்டாள்.

நெகமம் காட்டன் இதற்கு நேர் எதிர். பொள்ளாச்சிக்குப் பக்கத்திலுள்ள நெகமத்தையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த இந்தச் சேலை பாட்டிகளின் அன்றாடச் சேலையாக இருந்தது. அழுத்தமான நிறம், பெரிய கட்டம், எதிர்நிறக் கரை. தோட்டத்துக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் துவைக்கத் துவைக்க உடம்போடு ஒட்டிக்கொள்ளும். 2023-ல் அதற்கும் புவிசார் குறியீடு வந்தது. பாட்டி கட்டியபோது 'சாதாச் சேலை' என்று ஒதுக்கியது, பெங்களூர்ப் பெண்கள் படம் எடுத்துப் போட்டதும் புது கலெக்‌ஷன் ஆகிவிட்டது.

பொள்ளாச்சியில் அப்பாச்சி காட்டன் குடும்பத்தைச் சேர்ந்த மணி சின்னசாமியும் விஜயலட்சுமி நாச்சியாரும் 2009-ல் தொடங்கிய எத்திகஸ் இந்தப் பேச்சில் தனியாக நிற்கிறது. 1946 முதல் பருத்தி அரவைத் தொழிலில் இருந்த குடும்பம். கர்நாடகத்தில் கபினிக் காட்டோரம் விவசாயிகளை வைத்து ரசாயனம் இல்லாமல் பருத்தி விளைவித்து, அதையே நூலாக்கி, பொள்ளாச்சிப் பக்கத் தறிகளில் ஜக்கார்டு வைத்து நெய்து, டிசைனர் சேலையாக விற்கிறார்கள். விதையிலிருந்து முந்தானை வரை ஒரே சங்கிலி. அவர்கள் மீட்டெடுக்க முனைந்த மிக நீண்ட இழைப் பருத்திகளில் சுவின் ஒன்று. 1970-களில் கோவையில் உருவான ரகம் அது. சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு ரகங்களின் பெயரிலிருந்தும் ஆளுக்கொரு துண்டு எடுத்து வைத்த பெயர். உலகின் மிக நேர்த்தியான பருத்திகளின் வரிசையில் அதற்கு இடமுண்டு. ஆனால் விளைய அதிக நாள் எடுத்துக்கொள்ளும், பராமரிப்பு கேட்கும். விவசாயிகள் விட்டுவிட்டார்கள்.

எத்திகஸ் சேலையில் தொங்கும் அட்டையைத் திருப்பினால் நெய்தவரின் படமும் பெயரும் இருக்கும். நெய்ய எத்தனை நாள் ஆனது என்றும் எழுதியிருப்பார்கள். விலையைப் பார்த்து முகம் சுளிக்கப் போனவர்கள் அந்த நாள் கணக்கைப் பார்த்துவிட்டு விரலை மடக்கிக் கூலி கணக்குப் போடத் தொடங்குவார்கள். விற்பனை உத்தி என்று இதைச் சொல்லலாம்தான். நல்ல உத்தி.

நிறத்தைப் பற்றிப் பேசாமல் கொங்குத் துணியைப் பற்றிப் பேச முடியாது. ஒவ்வொரு பருவத்துக்கும் இதுதான் நிறம் என்று ஐரோப்பாவில் யாரோ முடிவு செய்தால், ஒரு காலத்தில் அது நொய்யலில் தெரியும். திருப்பூர்ச் சாயக்கழிவு போய்த் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை, கொடுமணலுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்கவேண்டாம் என்று விவசாயிகளே போராட வேண்டியிருந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறை அதன் பிறகுதான் கட்டாயமாக இறுகியது. இன்று திருப்பூர் ஆடை வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகள் அந்தச் சுத்திகரிப்பையே பெருமையாக விளம்பரப்படுத்திக்கொள்கின்றன. அணையின் கீழே தென்னந்தோப்பு வைத்திருந்தவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

ஆண்களுக்கு இந்த அரங்கில் அதிக வேலையில்லை. 1983-ல் கே.ஆர். நாகராஜன் திருப்பூரில் தொடங்கிய ராம்ராஜ், வேட்டியைப் பெட்டியில் போட்டு பிராண்டாக்கிய பிறகு, மாப்பிள்ளைக்கும் மணப்பெண்ணின் சேலைக்கரைக்குப் பொருத்தமாகக் கரை போட்ட வேட்டி கிடைக்கிறது. இடுப்பில் நிற்குமா என்ற கவலைக்கு வெல்க்ரோவும் வந்துவிட்டது. அதோடு சரி.

ஆனால் இவ்வளவு புதுமைக்கும் நடுவில் கல்யாணத்தின் சட்டத்தை இன்னும் பழைய கைகள்தான் பிடித்திருக்கின்றன. அருமைக்காரர் நின்று நடத்தும் கொங்கு வேளாளர் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் உடன்பிறந்தாளுக்கு நடக்கும் இணைச்சீரில் கூறைச்சேலைக்கு உள்ள இடத்தை எந்த டிசைனரும் மாற்ற முடியாது. அதனால் டிசைனர்கள் புத்திசாலித்தனமாக அதற்குள்ளேயே நுழைகிறார்கள். பாட்டி தினமும் கட்டிய பின்கொசுவத்தை மணப்பெண்ணுக்குக் கட்டிவிட இப்போது தனி ஆள் வைக்கிறார்கள். ரவிக்கையின் முதுகில் சீர்க்கூடையும் காங்கேயம் காளையும் ஆரி வேலையில் ஏறுகின்றன. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே தையல்காரரிடம் இடம் பிடிக்காவிட்டால், சேலை வாங்கியும் பிரயோஜனமில்லை.

திரும்ப நகைப் பெட்டிக்கு வந்தால், பெரியம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். விற்பனைப் பெண் ஆரத்தைப் புரட்டி, பூதக்கண்ணாடியில் காட்டுகிறார்: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை, 916, அதன் பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கம். 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. 2023 ஏப்ரல் முதல் இந்த ஆறு இலக்க எண் இல்லாத தங்க நகையைக் கடையில் விற்கக்கூடாது. செல்போன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கடை, எந்த மையத்தில் சோதித்தது, எத்தனை காரட் என்று வந்துவிடும். பேத்தி தட்டிப் பார்க்கிறாள். எல்லாம் சரியாக இருக்கிறது. நகாசு தட்டியவரின் பெயருக்கு அந்தத் திரையில் இடமே இல்லை.

கொடுமணலில் கிடைத்த மணிகளிலும் செய்தவர் பெயர் கிடையாது. ஆனால் அதே மண்ணில் கிடைத்த பானை ஓடுகள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றில் தமிழ் பிராமி எழுத்தில் பெயர்கள் கீறியிருக்கிறார்கள், ஆதன், சாத்தன் என்று, சட்டியில் பெயர் வெட்டிக்கொள்ளும் நம் வீட்டு வழக்கம்போலவே. கரூர் அமராவதி மணலில் எடுத்த பழைய மோதிரங்களிலும் பெயர் உண்டு. அதுவும் போட்டுக்கொண்டவர் பெயர்.

பெரியம்மா ஆரத்தைக் கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்க்கிறார். பிறகு பேத்தியின் கழுத்தில் வைத்துப் பார்க்கிறார். பத்தொன்பது கிராம் என்று சொல்லியாகிவிட்டது, செய்கூலியில் எவ்வளவு குறைப்பார்கள் என்ற பேச்சு ஓடுகிறது. பேத்தி பதக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்து, இரண்டு மயில்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஏனுங்க ஆத்தா, இந்த மயிலுக்கு மட்டும் கொண்டை கொஞ்சம் சாஞ்சிருக்குதுங்க" என்கிறாள். விற்பனைப் பெண் அவசரமாக, வேறு பீஸ் இருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்று கையை நீட்டுகிறார்.